ஐம்பது குஞ்சு வேண்டாம், ஒரு அடைக்கோழி கொடுங்கள்



இந்த மாதத்தில் மட்டும் நான்கு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். இரண்டு பேர் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பிள்ளைகள். ஒருவன் என் நாத்தனார் மகன். இன்னொருவர் சிங்கப்பூரில் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வரப்போகிறவர். “டீச்சர், ஊரில் பாரம்பரியக் கோழிப் பண்ணை வைக்கலாம் என்று இருக்கிறேன். கடக்நாத் போடலாமா, கிளிமூக்கு போடலாமா, சிறுவிடை போடலாமா?” ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, பொறுமையாகப் படியுங்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுவிடை வளர்க்கலாம். ஆனால் பண்ணை வைக்காதீர்கள், வீட்டில் வையுங்கள். ஐந்து பெட்டை, ஒரு சேவல் போதும். முட்டையைப் பொரிக்க இன்குபேட்டர் வாங்காதீர்கள், கோழியை அடை வையுங்கள். ஏன் என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

சிறுவிடை என்றால் என்ன என்று இப்போதைய பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை. நம் பாட்டி வீட்டு வாசலில் மேய்ந்ததே, அதுதான். பெட்டை ஒரு கிலோவில் இருந்து ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும். மெல்லிய கால், லேசான உடம்பு. நாய் துரத்தினால் ஒரே எவ்வில் கூரை மேல் ஏறிவிடும், இராத்திரி வேப்பமரக் கிளையில் அடையும். நிறத்தை வைத்து அதை அடையாளம் சொல்ல முடியாது. கருப்பு, செவலை, சாம்பல், வெள்ளை, புள்ளி என்று ஒரே தாயின் பத்துக் குஞ்சும் பத்து நிறத்தில் இருக்கும். கொண்டையும் அப்படித்தான். இதனாலேயே கண்காட்சிக்காரர்கள் இதை ஓர் இனமாகவே மதிப்பதில்லை. “சும்மா நாட்டுக்கோழி” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்தக் கோழிக்கு அடையாளம் அதன் குணம். பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் உடம்பு சூடேறி, மார்பு இறகை உதிர்த்து, கிட்டே போனால் ‘கொர்’ என்று சீறிக்கொண்டு உட்கார்ந்துவிடும். பிறகு 21 நாள். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எழுந்து வரும். அவசரம் அவசரமாக நாலு வாய் தின்று, தண்ணீர் குடித்து, புழுதியில் ஒரு புரளல் புரண்டு, முட்டை ஆறுவதற்குள் திரும்பப் போய்விடும். அலகால் முட்டைகளை நாள் முழுக்கத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஓரத்து முட்டை நடுவுக்கு வரும், நடு முட்டை ஓரத்துக்குப் போகும். பொரிவதற்கு முந்தைய நாள் ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கீச்சிடும்போது தாய் மெல்லிய குரலில் பதில் சொல்வதைக் காதைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். தாய்க்கும் குஞ்சுக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

வெளியே வந்த பிறகுதான் அந்தக் கோழியின் பள்ளிக்கூடம் ஆரம்பம். இரை கண்டால் ஒரு குரல், மேலே பருந்து வட்டமிட்டால் ஒரு குரல், தரையில் பூனை வந்தால் வேறு குரல். பருந்துக் குரல் கேட்டால் குஞ்சுகள் இருந்த இடத்திலேயே செடிக்கடியில் பதுங்கும். பூனைக் குரல் கேட்டால் சிதறி ஓடும். கரையானை எங்கே கிளறுவது, எந்தப் பூச்சி ஆகாது என்பதையெல்லாம் தாய் கொத்திப் போட்டுக் காட்டித்தான் குஞ்சு கற்றுக்கொள்கிறது. இரவில் அத்தனையும் அதன் இறகுக்கடியில். கரண்ட்டும் வேண்டாம், பல்பும் வேண்டாம். இரண்டு மாதம் இப்படி வளர்த்து, ஒரு நாள் தானே கொத்தி விரட்டிவிடும். நீ உன் பிழைப்பைப் பார் என்று அர்த்தம். 

இந்த அடை குணம்தான் சிறுவிடை. இது போய்விட்டால் மிச்சம் இருப்பது முட்டையும் குறைவாக இடும், எடையும் குறைவாக வைக்கும் ஒரு சின்னக் கோழி. அதை யார் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது?

அந்தக் குணம் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. போகச் செய்வது நோயோ பருந்தோ இல்லை. “பாரம்பரியத்தைக் காக்கிறோம்” என்று பலகை மாட்டிய பண்ணைகளில் இருக்கும் இன்குபேட்டர்தான். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஆகவே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஸ்லேட்டை எடுங்கள்.

இரண்டு பெட்டை இருக்கின்றன. ஒன்று செவலை, நன்றாக அடை காக்கும். இன்னொன்று கருப்பி, அடைக்கு உட்காரவே உட்காராது, முட்டை மட்டும் இட்டுக்கொண்டே இருக்கும். வீட்டு வாசலில் விட்டால் என்ன ஆகும்? செவலை வருஷத்துக்கு மூன்று முறை அடை உட்கார்ந்து முப்பது குஞ்சு பொரித்தால், காக்கா, கீரி, நோய் எல்லாம் போகப் பாதி தேறும். பதினைந்து. கருப்பியின் குஞ்சு பூஜ்யம், ஏனென்றால் அதன் முட்டை ஆம்லெட்டுக்குத்தான் போகும். ஆக, அடுத்த தலைமுறையில் எல்லாமே செவலையின் பிள்ளைகள். இப்படித்தான் நூற்றாண்டுகளாக யாரும் திட்டம் போடாமலேயே இந்தக் கோழி தன் குணத்தோடு வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது இதே இரண்டையும் பண்ணையில் விடுங்கள். முட்டைகளை அன்றன்றே எடுத்து மெஷினில் வைக்கிறோம். செவலைக்கு அடை வரும்போதெல்லாம் முட்டை நிற்கும். ஆகவே வருஷத்துக்கு அறுபது முட்டை என்று வையுங்கள். கருப்பி நிற்காமல் நூறு இடுகிறது என்று வையுங்கள். நூற்றுக்கு எழுபது பொரித்தால் செவலைக்கு 42 குஞ்சு, கருப்பிக்கு 70. மகள் தாயைப் போலவே இருப்பாள் என்று எடுத்துக்கொண்டு தொடர்ந்து போடுங்கள். தொடக்கத்தில் கூட்டத்தில் பாதி அடைக்கோழி. அடுத்த தலைமுறையில் நூற்றுக்கு 37. அதற்கடுத்து 26, பிறகு 18, பிறகு 11. நான்கே தலைமுறை, அதாவது ஏறக்குறைய நான்கே வருஷம். இத்தனைக்கும் பண்ணைக்காரர் எந்தக் கோழியையும் வேண்டுமென்று கழிக்கவில்லை. நிஜத்தில் அவர் கழிக்கிறார். அடிக்கடி அடை உட்காரும் கோழியைத் தண்ணீரில் முக்குகிறார், மூக்கில் இறகைக் குத்துகிறார், அப்படியும் தெளியவில்லை என்றால் கறிக்குப் போடுகிறார். இந்தக் கணக்கை விடவும் வேகமாக அது மறையும்.

உண்மையில் மறைந்த உதாரணமும் நம்மிடம் உண்டு. நாமக்கல் கூண்டுகளில் இருக்கும் வெள்ளைக் கோழிகள் லெகார்ன் வழி வந்தவை. வருஷத்துக்கு 300 முட்டை இடும். அவற்றுக்கு அடை என்பதே கிட்டத்தட்ட மறந்துபோயிற்று. முட்டைக்காகத் தெரிந்தே செய்த தேர்வு அது. அதில் குற்றம் இல்லை, பள்ளிக்கூடச் சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டை வந்தது அதனால்தான். நானே என் கையால் பரிமாறியிருக்கிறேன். ஆனால் அதே வேலையைச் சிறுவிடைக்கும் செய்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கக் கூடாது.

அறுநூறு கோழி வைத்திருக்கும் என் மாணவன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். அவன் சொன்ன பதில்: “டீச்சர், நீங்கள் சொல்வது சரி. ஆனால் அடைக்கோழியை நம்பினால் ஒரு பெட்டையிடம் வருஷத்துக்கு முப்பது குஞ்சுதான் வரும். அதை வைத்து வங்கிக் கடன் கட்ட முடியுமா?” 

அவன் கணக்கில் தப்பில்லை. கட்ட முடியாது. அதனால்தான் கடன் வாங்கிச் செய்கிற தொழில் இது இல்லை என்கிறேன். அந்தக் காலத்தில் கோழி யாருடைய வருமானம் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவுடையது இல்லை. அம்மாவின் சிறுவாட்டுக் காசு. சந்தையில் இரண்டு கோழி விற்றால் நோட்டுப் புத்தகம் வரும், பண்டிகைக்கு ரிப்பன் வரும். தீனிக்கென்று தனிச் செலவு கிடையாது. சிந்தின நெல்லும் சோற்றுப் பருக்கையும் பூச்சியும்தான். செலவு இல்லாததால் வருஷத்துக்கு முப்பது குஞ்சு என்பது லாபம். கொட்டகை, மூட்டைத் தீவனம், கூலி, வட்டி எல்லாம் வந்துவிட்டால் அதே முப்பது நஷ்டம். கோழி மாறவில்லை, அதன் தலையில் ஏற்றிய சுமைதான் மாறியது.

‘பறவை வளர்த்தால் கோடீஸ்வரன்’ என்ற பேச்சை நம்பிய அனுபவம் கொங்குப் பக்கம் நமக்கு இருக்கிறது. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு வளர்ப்பு சரிந்தபோது எத்தனை குடும்பம் போட்ட பணத்தை இழந்தது என்பது செய்தித்தாள் படித்த எல்லோருக்கும் தெரியும். அந்தப் பறவைக்கு முட்டை வாங்கவோ கறி தின்னவோ ஊரில் ஆள் இல்லை. அடுத்து சேருகிறவரிடம் குஞ்சு விற்பதுதான் வியாபாரமாக இருந்தது. ஒரு பாரம்பரியக் கோழிப் பண்ணையைப் பார்க்கப் போனால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “உங்கள் வருமானம் கறியிலும் முட்டையிலும் வருகிறதா, குஞ்சு விற்பதில் வருகிறதா?” குஞ்சில் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கடக்நாத் பற்றி. அது நல்ல கோழி. மத்தியப் பிரதேசத்தில் ஜாபுவா, அலிராஜ்பூர் பக்கம் பில் பழங்குடி மக்கள் வளர்த்துக் காத்த கோழி. தோல், கறி, எலும்பு வரை கருமை. ஜாபுவா கடக்நாத் கறிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மக்களுக்கு அந்தப் பெருமை சேர வேண்டியதுதான். கிரிக்கெட் வீரர் தோனி அந்தக் குஞ்சுகளை வாங்கிய செய்தி வந்ததும் இங்கே ஊருக்கு ஊர் கடக்நாத் பண்ணை முளைத்தது. ஆனால் கடக்நாத் பெட்டை அடை காப்பதில் மந்தம் என்பதை விற்பவர் சொல்வதில்லை. ஆகவே குஞ்சுக்கு நீங்கள் எப்போதும் மெஷினையோ விற்பவரையோ நம்பித்தான் இருக்க வேண்டும். ஜாபுவாக்காரர் கடக்நாத்தைக் காப்பாற்றட்டும். நம் வாசலில் இருப்பதை விட்டுவிட்டு அதைக் கொண்டுவந்து இங்கே கலந்துவிட்டால் இரண்டும் கெடும்.

நம் ஊர்க் கோழிக்குப் பெருமை இல்லை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. உலகத்துக் கோழிகளின் முதன்மை மூதாதை வடக்கேயும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருக்கும் சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் அதிலிருந்து வந்தவை இல்லை. இந்தியாவில் மட்டுமே இருக்கும், நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தவை என்று 2008-இல் மரபணு ஆய்வில் கண்டார்கள். கடையில் தொங்கும் மஞ்சள் கால் பிராய்லருக்குள்ளும் நம் மலைக் கோழியின் சொத்து இருக்கிறது. அறிவியல் பாடம் எடுக்கும் மாணவர்கள் இதை உங்கள் வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

கிளிமூக்கு விசிறிவால் வேறு கதை. அது நம் பெருவிடை வழியில் வந்தது. வளைந்த மூக்கும் நீண்ட வாலும் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. விலையும் அழகுக்குத்தான். அய்யலூர் சந்தைக்குப் போனவர்களுக்குச் சேவல் மீது நம் ஆட்களுக்கு இருக்கும் பைத்தியம் தெரியும். அது புதிதும் இல்லை. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் கோழிச் சண்டையில் நின்ற சேவல் ஒன்றுக்கு ஏறக்குறைய 1500 வருஷத்துக்கு முன்பே எழுத்துப் பொறித்து நடுகல் வைத்திருக்கிறார்கள். அடைகாத்த பெட்டைக்கு யாரும் கல் நட்டதாக நான் கேள்விப்படவில்லை! இதில் வேடிக்கை என்னவென்றால், பெருவிடைப் பெட்டை கனமானது, உட்கார்ந்தால் முட்டையை மிதித்து உடைத்துவிடும். அதனால் விலை உயர்ந்த அந்த முட்டைகளைச் சேவல்காரர்கள் கொண்டுபோய் அடை வைப்பது சிறுவிடையின் வயிற்றுக்கடியில்தான். செவிலித்தாய் இல்லாமல் ராஜா வீட்டுப் பிள்ளை வளராது போலிருக்கிறது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். வறுமையில் இருக்கும் பெண்களுக்குக் கோழிக்குஞ்சு கொடுக்கும் திட்டங்கள் அவ்வப்போது வருகின்றன. நோக்கம் மிக நல்லது. கோழி பெண்களின் கைக்காசு என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருப்பதே சந்தோஷம். ஆனால் கொடுப்பது என்ன? மெஷினில் பொரித்த, தாயைப் பார்க்காத சின்னக் குஞ்சுகள், பெட்டி பெட்டியாக. அவற்றுக்கு முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் வேண்டும், பல்பு வேண்டும், குஞ்சுத் தீவனம் வேண்டும். மழை இரவில் கரண்ட் போனால் குளிரில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் செத்துப்போகும். தேறியவைக்கும் பருந்து என்றால் என்னவென்று தெரியாது. எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு இப்படிக் குஞ்சுகள் வந்தன. ஒரு வீட்டில் மூன்றாம் நாளே பாதி போயிற்று. கூலி வேலைக்குப் போகிற பெண், பகலெல்லாம் வீட்டில் ஆள் இல்லை, அவள் என்ன செய்வாள்? மூன்று மாதம் கழித்து மூன்று வீட்டிலும் சேர்த்து எண்ணினேன், ஒன்பது. அவையும் எந்தச் சேவலுக்கும் எந்தப் பெட்டைக்கும் பிறந்தவை என்று தெரியாத கலப்பு. அந்தச் சேவல் குஞ்சுகள் வளர்ந்து தெருவில் மிச்சமிருந்த சிறுவிடைப் பெட்டைகளோடு சேர்ந்து, இப்போது அந்தப் பெட்டைகளின் பிள்ளைகளும் கனத்த காலோடு திரிகின்றன.

அதே செலவில் ஒரு வீட்டுக்கு நன்றாக அடை காத்துப் பழகிய இரண்டு பெட்டை, ஒரு சேவல் கொடுத்துப் பாருங்கள். குஞ்சோடு இருக்கும் தாயாகவே கொடுத்தால் இன்னும் நல்லது. பல்பு, தீவனம், காவல் மூன்றும் அந்தத் தாய்க்கோழியே. ஆறு மாதத்தில் அந்த வீட்டில் தானாகப் பெருகும். தாய்க்கோழிகளை எங்கே வாங்குவது என்று அதிகாரிகள் கேட்பார்கள். ஊரில் இன்னும் சுத்தமாகச் சிறுவிடை வைத்திருக்கும் பாட்டிகளிடம்தான். பணமும் அவர்களுக்கே போகும். உங்களில் இரண்டு பேர் கால்நடைத் துறையில் இருக்கிறீர்கள். ஒருவர் பஞ்சாயத்துத் தலைவர். உங்கள் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் ஒரு மனு எழுதி மேலே அனுப்புங்கள்.

சரி, வீட்டில் வைக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். 

சேவலைப் பார்த்து வாங்காதீர்கள், அதன் தாயைப் பார்த்து வாங்குங்கள். சேவல் ஒரு நாளும் அடை உட்காரப் போவதில்லை. ஆனால் தன் தாயின் குணத்தைத் தன் மகள்களுக்குக் கொண்டுபோவதில் அதற்கும் பங்கு உண்டு. நல்ல அடைக்கோழி வயிற்றில் பிறந்த, தாயோடு மேய்ந்து வளர்ந்த சேவலாக இருக்க வேண்டும். அதைத் தன் மகள்களோடு விடக்கூடாது. ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வேறு ஊர்ச் சிறுவிடைக்காரரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு ஒரு கோழி போகும், அங்கிருந்து ஒன்று வரும். அதுதான் நம் மரபணு வங்கி. அந்தப் போக்குவரத்து இப்போது நின்றுவிட்டது, செல்போன் மட்டும் போய் வருகிறது.

அடைக்கு வைக்கும் முட்டை பத்து நாளுக்குள் இட்டதாக இருக்கட்டும். கூடையில் மணல், மேலே வைக்கோல், பேனுக்குக் கொஞ்சம் வேப்பிலை. பொழுது சாய்ந்த பிறகு உட்கார வையுங்கள். ஏழாம் நாள் இருட்டில் செல்போன் லைட்டில் பார்த்து, நரம்பு ஓடாத கூமுட்டையை எடுத்துவிடுங்கள். இடிக்கு ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் கூடையில் போடுவது உங்கள் இஷ்டம். என் மாமியார் போட்டார், நானும் போடுகிறேன். அறிவியல் பாடம் நடத்தியவள் இப்படிச் செய்யலாமா என்று கமெண்ட்டில் யாரும் கேட்க வேண்டாம்.

தடுப்பூசி விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். “நாட்டுக்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, ஊசி தேவையில்லை” என்று வீடியோவில் பேசுகிறவர்களை என்னிடம் அனுப்புங்கள். வெள்ளைக் கழிச்சல் வந்தால் வெள்ளிக்கிழமை இருந்த கூட்டம் செவ்வாய்க்கிழமை இருக்காது. ராணிகெட் என்று அதற்கு இன்னொரு பெயர். இமயமலை அடிவாரத்து ஊர்ப் பெயர். அது பாரம்பரியக் கோழி, பண்ணைக் கோழி என்று பார்க்காது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி, பிறகு வருஷா வருஷம் பிப்ரவரியில் கால்நடை மருத்துவமனை நடத்தும் முகாமில் இலவச ஊசி. மருந்துக் குப்பி நூறு கோழிக்கு மேல் வரும் அளவில்தான் கிடைக்கும். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆகவே பத்து வீடு சேர்ந்து ஒரே நாள் காலையில், கூட்டைத் திறப்பதற்கு முன் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து கோழி வைத்திருப்பவருக்குத் தனியாக இது கஷ்டம். தெருவோடு சேர்ந்தால் அரை மணி நேர வேலை.

ஏற்கெனவே இன்குபேட்டரும் அறுநூறு கோழியும் வைத்திருக்கிறவர் என்ன செய்வது? மூடிவிட்டுப் போ என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பெட்டையையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அடை உட்கார விடுங்கள். நன்றாகக் காத்துப் பொரித்தவற்றின் காலில் ஒரு வளையம் மாட்டுங்கள். மெஷினில் வைக்கும் முட்டை அந்த வளையக் கோழிகளுடையதாக மட்டும் இருக்கட்டும். மற்றவை இடுவதை முட்டையாக விற்றுவிடுங்கள். என் மாணவன் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். வீட்டுப் பாடம் எழுதாத நாளிலும் அப்படித்தான் சொல்வான், பார்ப்போம்.

கடைசியாக, வளர்க்க முடியாத நகரத்துப் பிள்ளைகளுக்கு. சிறுவிடை காப்பாற்றப்பட வேண்டுமென்றால் அதைத் தின்ன ஆள் வேண்டும். பிராய்லர் 40 நாளில் இரண்டு கிலோ வரும். சிறுவிடை ஒரு கிலோ வர ஐந்து, ஆறு மாதம் ஆகும். இரண்டையும் ஒரே விலைக்குக் கேட்பது நியாயமில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஐந்நூறு ரூபாய் பீட்ஸாவுக்கு யோசிக்காமல், ஒரு பாட்டியின் கோழிக்கு நூறு ரூபாய் பேரம் பேசுவதை நானே பார்த்திருக்கிறேன். பெயர் சொல்லவில்லை, சம்பந்தப்பட்ட உறவினருக்குத் தெரியும். 

வாங்கும்போது ஏமாறவும் கூடாது. கடையில் ‘நாட்டுக்கோழி’ என்று தொங்குவதில் பெரும்பாலும் பண்ணைக் கலப்பு. கூண்டில் இருப்பதெல்லாம் ஒரே வயசு, ஒரே எடை, கால் தடித்து, மூக்கு நுனி வெட்டியிருந்தால் அது பண்ணையில் தீவனம் தின்று வளர்ந்தது. சிறுவிடையாக இருந்தால் பெரிசும் சிறிசும் பல நிறமுமாகத்தான் இருக்கும். கறி வேக நேரமாகும், அவசரப்படாதீர்கள். குழம்பில் கொஞ்சம் மிளகு கூடுதலாக அரைத்துப் போடுங்கள்.

இப்போது என்னிடம் பதினொரு பெட்டை இருக்கின்றன. அவற்றில் எட்டு அடை காத்துத் தேறியவை. போன தை மாதம் பொரித்ததில் மூன்று இளஞ்சேவல் வளர்ந்து நிற்கின்றன. மூன்றும் ஒரே வாசலில் இருந்தால் சண்டையில் கண்ணைக் குத்திக்கொள்ளும். ஆகவே வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குள் வாருங்கள், அதற்குப் பிறகு கூட்டைத் திறந்துவிடுவேன், பிடிக்க முடியாது. காசு வேண்டாம். உங்கள் ஊர்ச் சிறுவிடைச் சேவல் ஒன்று கொண்டு வாருங்கள், மாற்றிக்கொள்ளலாம். அதன் தாய்க்கோழியின் போட்டோ ஒன்று, குஞ்சுகளோடு நிற்பது போல் எடுத்தது, கட்டாயம் வேண்டும். கூடையும் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள். போன தடவை கொடுத்த இரண்டு கூடை இன்னும் திரும்பி வரவில்லை.